திரும்பி வராத துப்பாக்கிகள்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஒரு விசித்திரமான சட்டம் அமலில் இருந்து வருகிறது. குழந்தை விளையாடும் பொம்மைத் துப்பாக்கியின் தக்கை கண்ணில் தெறிக்கக்கூடும் என்று ஏற்பட்டால், அதை விற்றவர்கள் எல்லாவற்றையும் திருப்பி வாங்கிக்கொள்ள வேண்டுமென்று சர்க்கார் கமிஷன் கட்டாயப்படுத்தலாம். ஆனால் அதே குழந்தையின் தகப்பனார் சுவரில் மாட்டி வைத்திருக்கும் நிஜத் துப்பாக்கி, விசையைத் தொடாமலே வெடிக்கிறது என்று நூறு பேர் சாட்சி சொன்னாலும், "திருப்பி வாங்கிக்கொள்" என்று உற்பத்தியாளருக்கு உத்தரவு போட அங்கே எந்த இலாகாவுக்கும் அதிகாரம் கிடையாது!

நேயர்கள் நாம் வேடிக்கைக்குச் சொல்வதாக நினைக்கவேண்டாம். 1972-ம் வருஷத்தில் அந்த நாட்டில் ஒரு சட்டம் செய்தார்கள். வீட்டில் உபயோகமாகும் பண்டங்களினால் ஜனங்களுக்கு அபாயம் நேராமல் பார்த்துக்கொள்வதற்காக ஒரு கமிஷனையும் ஏற்படுத்தினார்கள். ஏணி, அடுப்பு, தொட்டில், புல் வெட்டும் யந்திரம் எல்லாம் அந்தக் கமிஷனின் பார்வைக்கு உட்பட்டவை. துப்பாக்கி மட்டும் உட்பட்டதல்ல. தனி வரி விதிக்கப்படும் பொருளாகையால் இந்தச் சட்டத்தின் கணக்கில் அது பண்டமே அல்ல என்று எழுதிவிட்டார்கள். பிறகு சிலர், துப்பாக்கி போனால் போகட்டும், கைத்துப்பாக்கித் தோட்டாவையாவது கமிஷன் கவனிக்கட்டும் என்று மனுப் போட்டார்கள். விஷயம் கோர்ட்டு வரையில் போயிற்று. 1976-ல் அந்நாட்டுச் சட்டசபை அந்தச் சந்தையும் அடைத்துவிட்டது.

அந்தத் தனி வரியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். நீண்ட துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் நூற்றுக்குப் பதினொன்று வீதம் வசூலாகிறது. 1937-ம் வருஷத்துச் சட்டத்தின்படி அந்தப் பணம் காட்டு ஜீவன்களின் சம்ரக்ஷணைக்குப் போய்ச் சேருகிறது. வாத்தைச் சுடுவதற்காக வாங்கும் கருவியின் வரியில் வாத்துக்கு ஏரி வெட்டுகிறார்கள். நல்ல ஏற்பாடுதான், நமக்கு ஆட்சேபணை இல்லை. வாத்துக்குக் கிடைத்த இந்தப் பாதுகாப்பு துப்பாக்கியின் பின்னால் நிற்கும் மனிதனுக்கும் கிடைத்திருக்கலாம் என்றுதான் தோன்றுகிறது.

புதிய துப்பாக்கியில் பிசகு இருந்தால், உயிரோடிருக்கும் கம்பெனி வழக்குக்குப் பயந்தாவது தானாகவே அதைத் திருப்பி வாங்கும். பழைய துப்பாக்கியின் கதைதான் வேறு. முக்கியமாக, "போல்ட் ஆக்ஷன்" என்று சொல்லப்படும் மலிவான வேட்டைத் துப்பாக்கிகளின் கதை. ரவை தெறிக்கும் இந்தத் துப்பாக்கிகளை 1930-க்குப் பிறகு சுமார் ஐம்பது வருஷ காலம் அமெரிக்காவில் பல தொழிற்சாலைகள் ஏராளமாய்ச் செய்து தள்ளின. இரட்டைக்குழல் துப்பாக்கி வாங்கப் பணமில்லாத குடியானவன், முயலுக்கும் வாத்துக்கும் காக்கைக்கும் என்று வாங்கிக் கொட்டகையில் சாத்தி வைத்தது இதுதான். பாட்டனார் போய்ப் பேரன் வந்த பிறகும் துப்பாக்கி அந்த மூலையிலேயே இருக்கிறது.

இதன் அமைப்பைப் புரிந்துகொள்ள நம் வீட்டு வாசற்கதவின் தாழ்ப்பாளை நினைத்துக்கொண்டால் போதும். ஓர் இரும்பு உருளை; பக்கவாட்டில் ஒரு கைப்பிடி. பிடியைத் தூக்கிப் பின்னால் இழுத்தால் குழலின் அடிவாய் திறக்கும். தோட்டாவை வைத்து, முன்னால் தள்ளி, பிடியைக் கீழே மடக்கினால் மூடிக்கொள்ளும். அப்படி மடக்கும்போது உருளையிலுள்ள ஒரு காது, கூட்டிலுள்ள பள்ளத்தில் போய் மாட்டிக்கொள்கிறது. மருந்து வெடிக்கும் வேகம் முழுவதையும் தாங்கி நிற்பது அந்தக் காதுதான். தாழ்ப்பாள் நின்றால் ரவை முன்னால் போகும். தாழ்ப்பாள் விட்டுவிட்டால், அந்தத் தாழ்ப்பாளே பின்னால் வரும். பின்னால் இருப்பது சுடுகிறவருடைய முகம்.

யுத்தத் துப்பாக்கியின் தோட்டா சதுர அங்குலத்துக்கு 60,000 ராத்தல் வரையில் அழுத்தம் கொடுக்கக்கூடியது. ஆகவே அதற்கு இரண்டு மூன்று காதுகளைத் தடிமனாக வைப்பார்கள். 12 போர் ரவைத் தோட்டாவின் உச்ச அழுத்தம் 11,500 ராத்தல்தான். இதற்கு ஒரு காதே போதும் என்று மலிவுத் துப்பாக்கி செய்தவர்கள் கணக்குப் போட்டார்கள். கணக்கில் தப்பில்லை, துப்பாக்கி புதிதாய் இருக்கும் வரையில் சரிதான். ஐம்பது அறுபது வருஷம் தேய்ந்த பிறகு, அந்த ஒரு காதில் கீறல் விட்டால் அடுத்தபடி தாங்குவதற்கு வேறொன்று இல்லை என்பதுதான் சங்கடம். பூட்டும் பாகம் தனித் துண்டாகச் செருகப்பட்டிருக்கும் துப்பாக்கிகளில் இன்னும் விபரீதம். சுத்தம் செய்வதற்காகக் கழற்றியவர், அந்தத் துண்டைத் திரும்பப் போட மறந்துவிட்டால், போல்ட் முன்னால் போய் வழக்கம்போல் மூடிக்கொண்டதாகவே காட்டும். பூட்டாத கதவு பூட்டிய கதவு மாதிரியே தோன்றும்.

முதல் மகா யுத்தம் முடிந்த பிறகு ஜெர்மனியில் ஒரு காரியம் செய்தார்கள். யுத்தத்தில் தோற்றுவிட்டபடியால் மௌஸர் ராணுவத் துப்பாக்கிகள் மலைபோல் மிகுந்து கிடந்தன. அவற்றை ரவைத் துப்பாக்கியாக மாற்றி, "கேஹா" என்ற பெயரிட்டு, அமெரிக்கா வரையில் அனுப்பி விற்றார்கள். மௌஸருக்கு முன்புறம் இரண்டு காதுகள். அவை உடைந்தால் உதவிக்கு இருக்கட்டும் என்று பின்னால் மூன்றாவதாக ஒன்று. 12 போர் தோட்டா பருமனானது. அதற்கு இடம் செய்வதற்காகக் குடைந்தபோது, முன்காதுகள் மாட்ட வேண்டிய இடமே போய்விட்டது. உதவிக்கு வைத்த மூன்றாவது காது முழு உத்தியோகத்தையும் ஏற்றுக்கொண்டது! வெளிப் பார்வைக்கு அது பேர்பெற்ற மௌஸர்தான். பெயரை நம்பி வாங்கினவர்கள் அநேகர்.

இந்த ஜாதியில் நம் நாட்டுக்குச் சம்பந்தப்பட்டதும் ஒன்று உண்டு. கல்கத்தாவுக்கு அருகிலுள்ள இஷாபூர் தொழிற்சாலையில், லீ என்பீல்டு துப்பாக்கியை எடுத்து, ரவைகளைத் துடைத்துவிட்டதுபோல் குழலின் உட்சுருளை நீக்கி வழுவழுப்பாக்கி, தோட்டா அடுக்கும் பெட்டியை மரக்கட்டையால் அடைத்து, ஒரு சமயத்தில் ஒரே தோட்டா போடும்படியாக .410 போர் துப்பாக்கி செய்தார்கள். இந்தியப் போலீஸ்காரர் கையில் கொடுப்பதற்காகச் செய்தது. 1857-க்குப் பிறகு இந்தியச் சிப்பாய்க்குத் தாழ்ந்த ரகத் துப்பாக்கியே கொடுத்து வந்த துரைத்தனத்தார், போலீஸ்காரரிடம் மட்டும் நம்பிக்கை வைத்துவிடுவார்களா? கடையில் விற்கும் .410 தோட்டா அதில் நுழையாது. சர்க்கார் தோட்டா ஒன்றுதான் நுழையும். சுதந்திரம் வந்து எத்தனையோ வருஷங்களுக்குப் பிறகு இந்தத் துப்பாக்கிகள் பழைய சாமானாக அமெரிக்காவுக்குக் கப்பலேறின. அங்கே பலர் கடைத் தோட்டா நுழையும்படி குழலின் அடிவாயைக் குடைந்துவிட்டார்கள். யார் குடைந்தது, எவ்வளவு சரியாகக் குடைந்தது என்பதற்கு எந்த முத்திரையும் கிடையாது.

முத்திரை என்றதும் இங்கிலாந்தின் ஞாபகம் வருகிறது. துரைத்தனத்தாரைப் பற்றி நமக்கு எவ்வளவோ மனத்தாங்கல் உண்டு. ஆனால் நல்லதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். லண்டனில் துப்பாக்கி செய்வோர் சங்கத்துக்கு 1637-லேயே ராஜ சாஸனம் கிடைத்தது. பர்மிங்ஹாமில் 1813-ல் ஒரு பரீட்சைச் சாலை ஏற்பட்டது. அங்கே விற்பனைக்கு வரும் ஒவ்வொரு குழலிலும், வழக்கத்துக்கு அதிகமான மருந்து போட்டு வெடித்துப் பார்ப்பார்கள். தாங்கினால் முத்திரை, தாங்காவிட்டால் குப்பை. பழைய துப்பாக்கியை மாற்றிக் குடைந்தால் மறுபடியும் பரீட்சை. அமெரிக்காவில் இப்படிச் சட்டத்தினால் ஏற்பட்ட பரீட்சைச் சாலையே கிடையாது. உற்பத்தியாளர்கள் 1926-ல் தங்களுக்குள் ஒரு சங்கம் கூடி அளவுகளை வகுத்துக்கொண்டார்கள், இஷ்டப்பட்டால் அனுசரிக்கலாம்.

இனி, சியர்ஸ் ரோபக் கம்பெனியின் சமாசாரத்துக்கு வருவோம். ஊசியிலிருந்து வீடு வரையில் தபால் மூலம் விற்ற கம்பெனி அது. வீடு என்று நாம் சொன்னது அச்சுப்பிழை அல்ல. மரங்களை அளவாக வெட்டி ரயிலில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள், வாங்கினவர் ஆணி அடித்துக்கொள்ள வேண்டியது. அப்பேர்ப்பட்ட கம்பெனி துப்பாக்கியும் விற்றது. அதன்மேல் "ஜே. சி. ஹிக்கின்ஸ்" என்று பொறித்திருக்கும். ஹிக்கின்ஸ் யாரோ பெரிய துப்பாக்கித் தச்சர் என்று நேயர்கள் நினைப்பீர்கள். அவர் அந்தக் கம்பெனியின் கணக்குப் பிரிவில் இருந்தவர்! பெயர் நன்றாயிருக்கிறதென்று எடுத்துக்கொண்டார்கள். நடுவிலுள்ள "சி" என்ற எழுத்துக்கூட கம்பெனி சேர்த்துக் கொடுத்ததுதான். துப்பாக்கியை உண்மையில் செய்தது ஹை ஸ்டாண்டர்டு முதலிய வேறு தொழிற்சாலைகள். யார் செய்தது என்று கண்டுபிடிக்க ஒரே வழி, அதில் பொறித்திருக்கும் மூன்று இலக்க எண். 583 என்று ஆரம்பித்தால் ஹை ஸ்டாண்டர்டு செய்தது. பெயர் பொய் சொல்லும், எண் சொல்லாது.

இந்த 583 வரிசையைச் சேர்ந்த போல்ட் துப்பாக்கிகளைப் பற்றித்தான் சியர்ஸ் கம்பெனி பின்னாளில் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. சுடும்போது போல்ட் கழன்று பின்புறமாகப் பாயக்கூடும், ஆகையால் இவற்றை உபயோகிக்க வேண்டாம் என்பது அதன் சாராம்சம். கம்பெனி தன் கடமையைச் செய்தது. அதை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த எச்சரிக்கை யாருக்குப் போய்ச் சேரவேண்டும்? விற்றபோது வாங்கினவர் அநேகமாகக் காலமாகியிருப்பார். அவருடைய மருமகன் அதை அண்டை வீட்டுக்காரருக்குக் கொடுத்திருப்பார். அண்டை வீட்டுக்காரர் ஒரு பழைய மோட்டார் சைக்கிளுக்கு மாற்றாகத் தள்ளிவிட்டிருப்பார். துப்பாக்கியின் வரிசை எண்ணை வைத்துத் தேடலாமே என்றால், 1968-ம் வருஷத்துச் சட்டம் வருவதற்கு முன்னால் இம்மாதிரி மலிவு ரகத் துப்பாக்கிகளுக்கு வரிசை எண் போட வேண்டுமென்ற கட்டாயமே இல்லை. பலவற்றுக்கு எண்ணே கிடையாது. செய்த ஹை ஸ்டாண்டர்டு தொழிற்சாலை 1980-களிலேயே மூடப்பட்டது. விற்ற சியர்ஸும் 2018-ல் இன்ஸால்வென்சி கோர்ட்டுக்குப் போயிற்று. கடிதம் எழுத விலாசமும் இல்லை, எழுதுகிறவரும் இல்லை. துப்பாக்கி மட்டும் இருக்கிறது. இரும்புக்கு மனிதனைவிட ஆயுசு கெட்டி.

போல்ட் தெறிப்பது அபூர்வமான விபத்து. அடிக்கடி நேரக்கூடியது வேறொன்று. "சேப்டி" என்று ஒரு சிறு பித்தானைத் தள்ளிவிட்டால் துப்பாக்கி தூங்கிவிட்டது என்று எல்லோரும் நம்புகிறார்கள். பல மலிவுத் துப்பாக்கிகளில் அந்தப் பித்தான் விசையை அசையாமல் பிடிக்கிறதே தவிர, உள்ளே இழுத்து நிறுத்தப்பட்டிருக்கும் ஊசியைப் பிடிப்பதில்லை. ஊசியைப் பிடித்துக்கொண்டிருப்பது ஒரு சின்னஞ்சிறு இரும்பு விளிம்பு. அது தேய்ந்திருந்தாலும், அல்லது இருபது வருஷத்துக்கு முன் போட்ட எண்ணெய் பிசினாக உறைந்து அதைச் சரியாக மாட்டவொட்டாமல் செய்தாலும், துப்பாக்கியைத் தரையில் தட்டினால் போதும், போல்டை வேகமாய் மடக்கினால் போதும், வெடித்துவிடும். விசையில் விரல் இருக்கவேண்டிய அவசியமில்லை. கொட்டகைத் துப்பாக்கிகளைச் சுத்தம் செய்யும் தொழிலாளிகள், முதலில் விசைக் கூட்டைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைப்பது இந்தக் காரணத்தினால்தான்.

இது மலிவுச் சரக்கின் குணம்தானே, உயர்ந்த கம்பெனி செய்தால் இப்படி நேருமா என்று கேட்கலாம். அதற்குப் பதில் ரெமிங்டன் கம்பெனியின் வழக்கில் இருக்கிறது. அது ரவைத் துப்பாக்கி அல்ல, போல்ட் ரைபிள். ஆனால் பழைய துப்பாக்கியைத் திருப்பி வாங்குவது என்ற விஷயத்தில் அவ்வளவு விவரமாக வெளிவந்த கதை வேறு இல்லை.

மைக் வாக்கர் என்ற கெட்டிக்கார இஞ்சினீயர் அந்தக் கம்பெனிக்காக ஒரு விசையைக் கண்டுபிடித்தார். மெல்லத் தொட்டால் போதும், குறி பிசகாமல் சுடும். அதன் ரகசியம் உள்ளே இருந்த ஒரு சிறு தகடு. அது விசையோடு ஆணி வைத்துப் பிணைக்கப்படவில்லை. வில்லின் அழுத்தத்தினால் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த இடுக்கில் ஒரு துரும்போ, உறைந்த எண்ணெயோ புகுந்தால் தகடு தன் இடத்துக்குத் திரும்பாது. அப்புறம் சேப்டியை விடுவித்தவுடனே துப்பாக்கி வெடிக்கும். 1948-ல், துப்பாக்கி சந்தைக்கு வந்த அதே வருஷத்தில், வாக்கரே ஒரு மாற்றத்தைச் சொன்னார். ஒரு துப்பாக்கிக்கு ஆகக்கூடிய அதிகச் செலவு ஐந்தரை சென்டு. கம்பெனி ஒப்புக்கொள்ளவில்லை. 1962-ல் "700" என்ற பெயரில் பிரபலமான ரைபிளும் அதே விசையுடன் வெளிவந்தது.

அந்தத் துப்பாக்கியின் பழைய அமைப்பில் இன்னொரு கோணலும் இருந்தது. சேப்டி போட்டிருக்கும்போது போல்டைத் திறக்க முடியாது. தோட்டாவை வெளியே எடுக்கவேண்டுமானால் முதலில் சேப்டியை விடுவிக்கவேண்டும். அபாயத்தை நீக்குவதற்காகச் செய்யும் காரியத்தின் முதற்படியே அபாயமான படி! 1982-ல்தான் இதை மாற்றினார்கள். அதற்குமுன் விற்றவை விற்றவைதான்.

1979-ல் கம்பெனிக்குள் ஒரு கமிட்டி கூடி யோசித்தது. இருபது லட்சம் துப்பாக்கிகளில் நூற்றுக்கு ஒன்று இப்படி வெடிக்கும்படி செய்யக்கூடியதாய் இருக்கலாம். இருபதினாயிரத்துக்காக இருபது லட்சத்தையும் திருப்பி வாங்குவதா? வேண்டாம் என்று முடிவாயிற்று. இந்தக் கணக்கு பின்னால் கோர்ட்டுக் காகிதங்களில் வெளிவந்தது. நூற்றுக்கு ஒன்று என்பது கமிட்டி அறையில் மிகச் சிறிய எண்ணாகத்தான் தோன்றியிருக்கும்.

2000-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில் மாண்டானா மாகாணத்தில் ஒரு குடும்பம் வேட்டைக்குப் போய்த் திரும்பியது. தாயார் தம் துப்பாக்கியிலிருந்து தோட்டாவை எடுப்பதற்காகச் சேப்டியைத் தள்ளினார். துப்பாக்கி வெடித்தது. எதிரிலிருந்த வண்டிக்கு அப்பால் ஒன்பது வயது மகன் நின்றுகொண்டிருந்தான். அந்தக் குழந்தை பிழைக்கவில்லை. தகப்பனார் பிற்பாடு எத்தனையோ வருஷம் அந்தக் கம்பெனியின் பழைய காகிதங்களைத் தேடித் தேடிச் சேகரித்தார். வெளியுலகத்துக்கு இவ்வளவு விவரம் தெரிய வந்ததில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு.

கம்பெனி கடைசி வரையில், துப்பாக்கியில் குற்றமில்லை, கையாண்டவர்களின் அஜாக்கிரதைதான் காரணம் என்றே சொல்லி வந்தது. அதையும் நாம் குறிப்பிட வேண்டும். குழலை யார் பக்கமும் திருப்பக்கூடாது என்பது எந்த வேட்டைக்காரருக்கும் முதல் பாடம் என்பதும் வாஸ்தவமே. ஆனால் விசையைத் தொட்டால்தான் வெடிக்கும் என்பதும் அதே பாடப் புஸ்தகத்தில் இருக்கிறதே! ஒரு பாடத்தைக் கம்பெனி காப்பாற்றாமல், மற்றதைத் தாயார் காப்பாற்றவில்லை என்று சொல்வது நியாயமாகத் தோன்றவில்லை.

முடிவில் மிஸௌரி மாகாணத்துக் கோர்ட்டு ஒன்றில் சமரசம் ஏற்பட்டது. குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே, கேட்கிறவர்களில் பெரும்பாலோருக்குப் புதிய விசை இலவசமாகப் போட்டுத் தருவதாகக் கம்பெனி சம்மதித்தது. சமரசத்துக்கு உட்பட்ட துப்பாக்கிகள் எழுபத்தைந்து லட்சம். முதலில் வந்த விண்ணப்பங்கள் சில ஆயிரத்துக்கு மேல் போகவில்லை. அறிவிப்பு சரியாகச் சேரவில்லை என்று நீதிபதியே அதிருப்தி தெரிவித்து, மறுபடியும் விளம்பரம் செய்யச் சொன்னார். 2017-ல் சமரசம் ஊர்ஜிதமானபோது வந்திருந்த விண்ணப்பங்கள் சுமார் 22,000. ஆயிரம் துப்பாக்கிக்கு மூன்று!

மற்றவர்கள் ஏன் எழுதவில்லை? சிலருக்குச் செய்தியே எட்டவில்லை. சிலருக்குத் தங்கள் துப்பாக்கியின்மேல் அசைக்க முடியாத நம்பிக்கை. தகப்பனார் நாற்பது வருஷம் வைத்திருந்தார், ஒருநாளும் தானாக வெடித்ததில்லை என்பார்கள். அவர்கள் சொல்வதும் உண்மையாகவே இருக்கும். துரும்பு இன்னும் அந்த இடுக்கில் புகவில்லை. இன்னும் சிலர், துப்பாக்கியைத் தபாலில் அனுப்பினால் அது திரும்பி வருமோ வராதோ என்று சந்தேகப்பட்டார்கள். தலைமுறையாக வந்த பொருளை முன்பின் தெரியாத தொழிற்சாலைக்கு அனுப்ப யாருக்குத்தான் மனம் வரும்? நம் வீட்டுப் பெண்டிர் பாட்டியின் அட்டிகையைப் பாலிஷ் போடக் கொடுக்க எவ்வளவு யோசிக்கிறார்கள்!

விண்ணப்பம் செய்வதற்கான கெடு 2020-ல் முடிவடைந்தது. அதே வருஷத்தில் ரெமிங்டன் கம்பெனி இரண்டாவது தடவையாக இன்ஸால்வென்சி கோர்ட்டுக்குப் போய், துண்டு துண்டாக ஏலத்தில் போயிற்று. துப்பாக்கிகள் லட்சக் கணக்கில் அவரவர் வீட்டில் இருக்கின்றன. சொந்த ஹோதாவில் ஒருவர் மற்றொருவருக்கு விற்கும்போது அநேக மாகாணங்களில் எந்தக் காகிதமும் எழுத வேண்டியதில்லை.

அமெரிக்கக் கிராமங்களில் ஒரு குடியானவர் காலமானால், வீட்டுச் சாமான்களை முற்றத்தில் பரப்பி ஏலம் போடுவது வழக்கம். ரம்பம், பால் குடம், தையல் யந்திரம் இவற்றோடு ஒரு துப்பாக்கியும் கயிற்றில் அட்டை கட்டித் தொங்கும். அட்டையில் "ஹிக்கின்ஸ், 12 போர்" என்று எழுதியிருக்கும், விலை எழுதியிருக்கும். 583 என்பது குழலின் பக்கவாட்டில் சின்ன எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கிறது. மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் தெரியும்.